ஞாயிற்றுக்கிழமை நகராத மண்

அக்டோபர் 7, சனி

இன்று என் மானம் போன இடம் மலைப்பாதையின் ஏழாவது கொண்டை ஊசி வளைவு. போனைக் காதில் வைத்துக்கொண்டு, ரோட்டோர மண்ணில் இரண்டு காலையும் சேர்த்துத் தொப்புத் தொப்பென்று குதித்துக்கொண்டிருந்தேன். டவுன் பஸ் வந்து பக்கத்திலேயே நின்றுவிட்டது. கண்டக்டர் தலையை நீட்டினான்.

"என்னுங்ணா, ஏறறதுன்னா ஏறுங்க. கை காட்டுனாப் பத்தாதுங்களா, குதிக்கோணுமா?"

பஸ்ஸில் பாதிப் பேர் என் ஸ்கூல் வேனில் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள். ஜன்னலுக்கு ஜன்னல் முகம். ஒரு அம்மா, "வேன்காரருக்கு ஏதோ வேண்டுதலாட்ட இருக்குது" என்றார். பின்னால் இருந்து ஒரு குரல், "சக்கரை வந்துருச்சுன்னா டாக்டரே இப்படிக் குதிக்கச் சொல்றாங்களாமா" என்றது. பஸ் கிளம்புகிற வரைக்கும் நான் வானத்தில் எதையோ தேடுகிறவன் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

குதிக்கச் சொன்னது என் மகள் கோகிலவாணி. ஜியாலஜியில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை பார்க்கிறாள். மழைக்காலத்தில் இந்த மலைப்பாதை எங்கே சரியப்போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் திட்டம். அதற்காகப் புதிதாக ஒன்றும் புதைக்கவில்லை. ரோட்டோரம் ஏற்கெனவே புதைந்து கிடக்கிற இன்டர்நெட் கேபிளையே காதாக வைத்துக் கேட்கிறார்கள். கேபிளுக்குள்ளே தலைமுடி மாதிரி கண்ணாடி நூல்கள் இருக்கின்றன. சும்மா கிடக்கிற ஒரு நூலில், டவுனில் ஒரு ரூமில் உட்கார்ந்துகொண்டு வெளிச்சத்தை அனுப்புகிறார்கள். மேலே யாராவது நடந்தாலோ மண் அசைந்தாலோ நூல் துளியூண்டு இழுபடும். திரும்பி வருகிற வெளிச்சம் மாறும். எந்த இடத்தில் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். இரண்டு தோசை சாப்பிடுகிற நேரத்தில் இவ்வளவையும் விளக்கிவிட்டாள். பத்தாவதில் சயின்ஸில் பெயிலானவனுக்கே புரிந்தது என்றால் சொல்லிக்கொடுத்தவள் கெட்டிக்காரிதான்.

கேபிள் ரோட்டைப் போல ஒரே சீராகப் போவதில்லை. அங்கங்கே குழிக்குள் சுருட்டி வைத்திருப்பார்களாம். கம்ப்யூட்டர் சொல்கிற தூரமும் ரோட்டுத் தூரமும் ஒத்துப்போக வேண்டுமானால் ஒரு ஆள் ஒவ்வொரு வளைவிலும் நின்று தரையை அதிரவைக்க வேண்டும். வீட்டில் சும்மா இருக்கிற ஆளாக என்னைப் பிடித்துவிட்டாள். எங்கெங்கே குதித்தேன் என்று குறித்துவைக்க இந்த உரக்கடை டைரியையும் கொடுத்தாள். குதித்ததை மட்டும் எழுதினால் பக்கம் நிறையாது. மற்றதையும் எழுதுகிறேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

இன்று குதிக்கவில்லை. சம்மட்டி கொண்டுபோய்த் தரையில் அடித்தேன். நேற்றே தோன்றியிருக்க வேண்டிய யோசனை. எட்டாவது வளைவில் சம்மட்டி கையிலிருந்து நழுவி ஓடையில் விழுந்தது. பிடி ரொம்ப வழவழப்பு.

சாயங்காலம் கோகிலா டவுனில் இருக்கிற அந்த ரூமுக்குக் கூட்டிப்போய் ஸ்க்ரீனைக் காட்டினாள். பஸ் போனால் சாய்வாக ஒரு கோடு. மாடு போனால் சோம்பலாக ஒரு கோடு. "இது நீங்கப்பா. எட்டாவதுலருந்து ஒம்பதாவதுக்கு நடந்து வர்றீங்க" என்று புள்ளி புள்ளியாக ஒன்றைக் காட்டினாள். என் நடையை நானே பார்ப்பது கல்யாண வீடியோ பார்ப்பது மாதிரி கூச்சமாக இருந்தது. ஒரு புள்ளி பளிச்சென்றும் அடுத்தது இழுத்துவிட்ட மாதிரியும் மாறி மாறி வந்தன.

"வலது கால் வலிக்குதுங்களாப்பா?"

"செருப்பு தேஞ்சிருச்சு அம்மிணி."

"ரெண்டு செருப்பும் ஒண்ணாத்தானே வாங்குனீங்க?"

"வலது காலுதான் ஆக்சிலேட்டர் மிதிக்குது. அதுக்கு வேலை ஜாஸ்தி."

சிரித்தாள். பேச்சு அத்தோடு போயிற்று.

அக்டோபர் 11, புதன்

ரத்தினா காப்பித்தூளை மாற்றிவிட்டாள். வாசனையே இல்லை. மாற்றவில்லை என்று சாதிக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவள் ஜெயிக்காத வழக்கு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 13, வெள்ளி

வேனில் முன்சீட்டில் உட்காருகிற அக்‌ஷிதா, இரண்டாம் வகுப்பு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வேன் மாமா, எங்க மேல கோவமா?"

"இல்லையே சாமி. எதுக்கு?"

"உர்ர்ருனு இருக்கீங்க."

அப்போதுதான் நான் ஒரு ஜோக் சொல்லி முடித்திருந்தேன். இனிமேல் ஜோக்குக்கு முன்னால் அறிவிப்புக் கொடுத்துவிட வேண்டும்.

பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட வேனில் லில்லி என்று ஒரு ஆயாம்மா வருகிறார். அவர், "அண்ணா முந்தியெல்லாம் பாட்டுப் பாடிட்டு வருவாரு, இப்பத் தாளம் மட்டுந்தான்" என்றார். என் வலது கையைச் சொல்கிறார். ஸ்டீரிங்கைப் பிடிக்காத நேரத்தில் அது தொடைமேல் தானாகத் தட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ரத்தினாவும் எந்தப் பாட்டு என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

கோகிலா இன்று தரையில் கால் பாவாமல் வந்தாள். கேபிளில் புதிதாக ஒன்று கேட்கிறதாம். ஒன்பதாவது வளைவில், பள்ளத்துப் பக்கம், காலை வேளையில் ஒரு உதறல். வண்டிகளின் சத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டரே கழித்துவிடும். கழித்த பிறகும் இது நிற்கிறது. ஓரத்து மண் திடீரென்று அமுங்கி எழுந்த மாதிரி இருக்கிறதாம். போன வாரம் லேசாக இருந்ததாம், இந்த வாரம் கூடியிருக்கிறதாம்.

"மண்ணு அசையுதுங்கப்பா! நெசமாவே அசையுது!"

மலை சரியப்போகிறது என்று இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. அவளுடைய பெரிய சார் நாளைக்கே வருகிறாராம்.

ஒன்பதாவது வளைவில் கைப்பிடிச் சுவர் போன வருஷ மழையில் விழுந்தது. மணல் மூட்டைதான் அடுக்கியிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளின் ஏழு வீடுகள்.

அக்டோபர் 19, வியாழன்

ஒன்பதாவது வளைவில் லில்லி, "அண்ணா, ஓரம், ஓரம்!" என்று கத்திவிட்டார். இடது சக்கரம் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி ஏறிவிட்டது. எதிரே லாரி வந்தது, வழி விட்டேன்.

பெரிய சார் பெயர் ஜெபசிங். திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர். என்னை அண்ணாச்சி என்கிறார். "அண்ணாச்சி, நீங்க குதிச்சு அடிச்சுக் குடுத்த அளவுதான் எங்களுக்கு ஆதாரம். ஒரு மீட்டர் பிசகாம இருக்கு" என்றார். வெட்கமாகவும் இருந்தது, இன்னொரு தடவை சொல்லமாட்டாரா என்றும் இருந்தது.

அக்டோபர் 20, வெள்ளி

நேற்று லாரி என்று எழுதினேன். பெரிய லாரி ஒன்றும் இல்லை. ஒரு பைக்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. வேனைக் கழுவி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தேன். கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைக்கும்போது கை ஒத்துழைக்கவில்லை. பொட்டு வால் முளைத்து நாமம் மாதிரி ஆகிவிட்டது. வேன் மதம் மாறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாப்பிடும்போது கோகிலா சொன்னாள்: "ஒரு வேடிக்கைங்கப்பா. சனிக்கிழமையிலருந்து ஒம்பதாவது வளைவு கம்முனு இருக்குது. போன சனி, ஞாயிறும் இப்படித்தான். இந்த மண்ணு லீவு நாள்ல நகர்றதே இல்லைங்க."

"அதும் ஆயுத பூஜை கும்புடுதாட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தோம். ரத்தினா என்னைப் பார்த்து, "ஏனுங், நீங்களே சொல்லிப்போட்டு நீங்க மட்டும் சிரிக்காம இருக்கறீங்?" என்றாள்.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்டோபர் 26, வியாழன்

ஜெபசிங் சார் லீவு விஷயத்துக்கு விளக்கம் வைத்திருக்கிறார். லீவு நாளில் தோட்டத்து லாரிகள் ஓடுவதில்லை. வேலை நாளில் பாரம் ஏறும்போது, ராத்திரிப் பனியில் ஊறிய மண் காலையில் தளர்ந்து கொடுக்கிறது. பாரம் இல்லாவிட்டால் சும்மா இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

கோகிலா மட்டும், "ஆனா சனிக்கிழமை லாரி ஓடுதுங்களே சார்" என்றாள்.

"பாப்போம்மா. ஆனா அதுவரைக்கும் கீழ ஆளுகள வச்சுக்கிட்டு நாம பாத்துக்கிட்டிருக்க முடியாது."

சரியான பேச்சு. நானும் தலையை ஆட்டினேன்.

அக்டோபர் 28, சனி

ஏழு வீட்டுக்காரர்களையும் சமுதாயக் கூடத்துக்கு மாற்றினார்கள். சாமான் ஏற்ற வண்டி கேட்டார்கள். ஸ்கூலில் சொல்லி என் வேனையே கொண்டுபோனேன். பாய், பானை, டிவி, கிரைண்டர், ஒரு கூடைக் கோழி. கூடையில் இருந்த சேவல் வழி முழுக்க என்னையே முறைத்துக்கொண்டு வந்தது.

அந்த ஏழு வீட்டுக்கும் வாய் மரகதம் அக்காதான். மருமகள் செல்வராணி நிறைமாதம். அவளைப் பிடித்து வேனில் ஏற்றிக்கொண்டே அக்கா என்னிடம் சொன்னார்:

"இந்த மண்ணுல முப்பது மழை பாத்துட்டேன் தம்பி. ஒரு கூடை மண்ணு சரிஞ்சதில்ல. என்னமோ கம்பிக்குக் கேக்குதாம்ல? எனக்குக் கேக்கலியே!"

"படிச்சவங்க சொல்றாங்க்கா."

"உன் மகதானே படிச்சவ? நீ என்ன சொல்ற?"

நான் சேவலைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு வாரந்தாங்க்கா" என்றேன்.

கூடத்தில் சிமெண்டுத் தரை. ஐஸ் மாதிரி இருந்தது. செல்வராணிக்கு மூன்று பாயை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள். உட்காருவதற்கு முன்னால் அந்தப் பெண் தரையைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

அக்டோபர் 31, செவ்வாய்

ஒன்பதாவது வளைவில் இன்று நடுரோட்டிலேயே போனேன். வேண்டுமென்றேதான். எதிரே வந்த பஸ்காரன் பிரேக் அடித்து, "யோவ், ரோடு என்ன உங்கப்பன் ஊட்டதா?" என்றான். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. லில்லி சிலுவை போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கோகிலா சொன்னாள், "இன்னிக்கு மண்ணு நகரலைங்கப்பா. வேலை நாள்தான், லாரியும் ஓடிச்சு. சாருக்கே புரியல."

நகரவில்லை என்று கேட்டால் சந்தோஷமாக இருக்க வேண்டும். எழுந்து வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன், மறுபடியும் போனேன். "என்னுங், ஏதாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?" என்று ரத்தினா கேட்டாள்.

நவம்பர் 1, புதன்

எப்போதும் போல என் பக்கத்திலேயே, ஜாக்கிரதையாக, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். சக்கரம் மண்ணில் இறங்கவில்லை என்றுதான் நினைத்தேன். லில்லி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடியிருந்தார்.

கோகிலா: "இன்னிக்கு நகர்ந்துருச்சுங்கப்பா."

நேரம் கேட்டேன். சொன்னாள். சாதாரணமாகக் கேட்ட மாதிரிதான் கேட்டேன். அவள் இந்த டைரியை எட்டிப் பார்த்து, "என்னங்கப்பா எழுத்து, எறும்பு போற மாதிரி? முந்தி ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதானே எழுதுவீங்க?" என்றாள். பேப்பர் மிச்சம் பண்ணுகிறேன் என்றேன்.

நவம்பர் 2, வியாழன்

விடியும்போதே கொட்டுகிறது. கலெக்டர் லீவு விட்டுவிட்டார். மலைப்பாதையில் பஸ், லாரி எல்லாம் வழக்கம்போல ஓடுகின்றன. ஸ்கூல் வேன்கள் மட்டும் இல்லை.

ஜெபசிங் சார் நேற்றே எழுதிக் கொடுத்திருக்கிறார்: அடுத்த பெருமழையில் ஒன்பதாவது வளைவு கட்டாயம் அதிகமாக அசையும் என்று. கோகிலா மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு காலையிலேயே ரூமுக்குப் போய்விட்டாள். நான் ஜன்னலோரம் நின்றேன். மழை கொட்டட்டும்.

சாயங்காலம் வந்தாள். தலையைத் துவட்டினாள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமலே இருந்தாள்.

"என்னாச்சு அம்மிணி?"

"ஒண்ணுமே ஆகலைங்கப்பா. இத்தனை மழையிலயும் ஒரு அசைவு இல்ல. சும்மா கல்லாட்ட இருக்குது."

பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள். என் வலது கையைப் பார்த்தாள். அது தொடைமேல் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் மூடினேன்.

"நாளைக்கு ஸ்கூல் இருக்குதுங்களாப்பா?"

"இருக்கும்னு நெனைக்கறேன்."

"ம்."



நவம்பர் 3, வெள்ளி

வயிறு சரியில்லை, இன்று வேறு டிரைவரைப் போடுங்கள் என்று சொல்ல ஸ்கூல் கரஸ்பாண்டென்டுக்குப் போன் போட்டேன். அவர், "தெரியும்ங்க, உங்க பொண்ணு விடியாலயே கூப்பிட்டுச் சொல்லிருச்சு. ஆள் போட்டாச்சு. ஒடம்பப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டார்.

வயிறு சரியில்லை என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எனக்கே அப்போதுதான் தோன்றியது.

மண் நகர்ந்ததா என்று நான் கேட்கவில்லை. நகரவில்லை என்று அவளும் சொல்லவில்லை.

நவம்பர் 4, சனி

இருப்புக் கொள்ளவில்லை. பன் பாக்கெட் வாங்கிக்கொண்டு சமுதாயக் கூடத்துக்குப் போனேன். செல்வராணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. தரை சில்லென்று ஏறுகிறதாம், தூக்கமே இல்லையாம்.

மரகதம் அக்கா இன்று சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வீட்டயெல்லாம் இடிச்சுப்புடுவாங்களாம்ல தம்பி. வேற எடம் குடுப்பாங்களாம், கீழ, பஸ்ஸு போகாத எடத்துல. திங்கக்கெழமை ரிப்போர்ட்டு போகுதாம். அடுத்த வாரம் தீவாளி. பொறக்கப்போற புள்ளைக்கி எந்த ஊருன்னு சொல்லுவேன்?"

ஜெபசிங் சார் வெளியே நின்றுகொண்டிருந்தார். நேராக அவரிடம் போனேன்.

"சார்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"வந்து... அந்த ஒம்பதாவது வளைவு..."

"ஆமா, எனக்கும் அதுதான் மண்டைக்குள்ளயே ஓடிட்டிருக்கு. மழையன்னைக்கு ஏன் சும்மா இருந்துச்சு? ஆனா ஏழு குடும்பம் அண்ணாச்சி. நான் தப்பாச் சந்தேகப்பட்டா வீடுதான் போகும். சந்தேகப்படாம விட்டுத் தப்பாப்போச்சுன்னா?" மனிதர் சவரம்கூடச் செய்திருக்கவில்லை.

"டீ சாப்பிடறீங்களா சார்?" என்றேன். நான் சொல்லப்போனது அதுவல்ல. வாங்கிக் கொடுத்தேன். நானும் குடித்தேன். வெந்நீர் மாதிரி இருந்தது.

நவம்பர் 5, ஞாயிறு

காலையில் கோகிலாவிடம் சொன்னேன்: "அம்மிணி, இன்னிக்கு ஒரு மணி நேரம் ரூமுக்குப் போய் ஸ்க்ரீனைப் பாத்துட்டு இரு."

"ஞாயித்துக்கெழமைங்கப்பா."

"தெரியும்."

ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஸ்கூலில் நிற்கிற வேனை எடுத்தேன். காலி வேன். முப்பது சீட்டும் காலியாக ஆடிக்கொண்டு வருவது கேட்டது. வேண்டுமென்று ஓரத்தில் இறக்கக் கூடாது, வேண்டுமென்று நடுவிலும் போகக் கூடாது, என் கை எப்படி ஓட்டுமோ அப்படியே ஓட்ட வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் காப்பி அடிக்காத ஒரே பரீட்சை.

முதல் தடவை மலையிலிருந்து வரும்போது ஒன்றும் தெரியவில்லை. ஆகா என்று இருந்தது. மேலே போய்த் திருப்பிக்கொண்டு மறுபடி வந்தேன். இந்தத் தடவை சீட்டுக்கு அடியில் தொப்பென்று உணர்ந்தேன். மூன்றாவது தடவை வளைவில் கை திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பவில்லை. நான் திருப்பச் சொல்கிறேன், அது யாருக்கோ சொல்கிறார்கள் என்று இருக்கிறது. பிறகுதான் திரும்பியது. பிரேக்குக்குப் போன காலும் அப்படித்தான். மணல் மூட்டைக்கு ஒரு முழம் இருக்கும். வேனை அங்கேயே நிறுத்திச் சாவியைக் கழற்றினேன்.

போன் அடித்தது. கோகிலாதான்.

"அம்மிணி, இன்னிக்கு மண்ணு நகர்ந்துச்சா?"

"நகர்ந்துச்சுங்கப்பா."

"எத்தனை தடவ?"

"மூணு."

முதல் தடவையும் சக்கரம் மண்ணில் இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

"ஞாயித்துக்கெழமையுமா வேலை செய்யுது அது? கூலி சேத்திக் குடுக்கோணும்" என்றேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். போனை வைத்துவிட்டாள்.

ஸ்கூட்டியில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் என் பக்கத்தில் மைல்கல்லில் உட்கார்ந்தாள். உள்ளே அழுகிறாளா என்று தெரியவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மழையன்னிக்கு. லாரி ஓடுச்சு, பஸ் ஓடுச்சு. ஓடாதது ஒண்ணே ஒண்ணுதானுங்களே." மூக்கை உறிஞ்சினாள். "நம்ம வேன்தான்னு அன்னிக்கே ரிப்போர்ட்டுல எழுதியிருக்கலாம். எழுதல. சார் ரெண்டு தடவ கேட்டாரு, தெரியலைங்க சார்னேன்."

"ஏன்?"

"நீங்க ஏன் சொல்லலை?"

இதற்கு ஒரு ஜோக் வைத்திருந்தேன். வாயில் வரவில்லை. "ஸ்டீரிங்கு லூஸுன்னு நெனைச்சேன் அம்மிணி. அப்புறம் ரோடு சரியில்லைன்னு நெனைச்சேன்" என்றேன். வேனுக்குள்ளே அக்‌ஷிதா உட்காருகிற சீட்டு அங்கிருந்தே தெரிந்தது. செவ்வாயும் புதனும் தெரிந்தே ஓட்டியிருக்கிறேன். அதையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என்னைப் பார்க்கவில்லை.

"சாவியக் குடுங்கப்பா" என்றாள்.

கொடுத்தேன். அங்கே உட்கார்ந்தபடியே ஜெபசிங் சாரைக் கூப்பிட்டு போனை என்னிடம் நீட்டினாள். நானே சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அண்ணாச்சி, மலையில ஒண்ணும் இல்லைல? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "உங்க கைக்கு என்ன அண்ணாச்சி? யார்ட்டயாவது காட்டுனீங்களா?" என்று கேட்டார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை.

நவம்பர் 6, திங்கள்

சாமான்களைத் திரும்பக் கொண்டுபோனார்கள். வேன் என்னுடையதுதான், டிரைவர் புது ஆள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன். அந்த இடத்திலிருந்து ரோடு வேறு மாதிரித் தெரிகிறது. சேவல் இன்று புது டிரைவரை முறைத்தது.

மரகதம் அக்கா அடுப்பை மூட்டிக்கொண்டே பொரிந்தார். "எவனோ ஒரு வண்டிக்காரன் ஓரத்துல ஓட்டுனானாம். அதுக்கு எங்களத் தூக்கிப் போட்டுட்டாங்க. அவன் மட்டும் என் கையில கெடைச்சான்..."

"கெடைச்சுட்டாங்க்கா. நாந்தான் அது."

ஊதுகுழலைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். "நீயா?"

"நாந்தாங்க்கா."

"அட நாசமாப் போறவனே! தெரிஞ்சா எங்க சாமானத் தூக்குன?"

"மொத நாளு தெரியாது. அப்புறம் தெரியும்."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கண் என் கைக்குப் போயிற்று. கருப்பட்டிக் காப்பியை என் வலது கைக்கு நீட்டியவர், நிறுத்தி, இடது கையில் கொடுத்தார். "ரெண்டு கையாலயும் புடி" என்றார். உள்ளே செல்வராணி தன் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

நாளைக்குக் கோயம்புத்தூரில் நரம்பு டாக்டர். கோகிலா லீவு போட்டிருக்கிறாள். ரத்தினாவிடம் நேற்று ராத்திரியே சொல்லிவிட்டேன். "காப்பித்தூளை நான் மாத்தவே இல்லீங், உங்களுக்குத்தான் வாசனை தெரியாமப் போச்சு" என்று அழுதாள். ஸ்கூலில் போய்ச் சொன்னேன். லில்லியிடம் சொன்னேன். திரும்பி வரும்போது கோகிலா ஸ்கூட்டியின் பின்னால் என்னை உட்காரவைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டினாள். ஒன்பதாவது வளைவில் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்கப்பா யோசனை? இன்னும் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"எல்லாந்தான் சொல்லிப்போட்டனே அம்மிணி."

ஒன்று சொல்லவில்லை. வியாழக்கிழமை மழை கொட்டியபோது ஜன்னலோரம் நின்று நான் கும்பிட்டேன். மழை நிற்க வேண்டும் என்று கும்பிடவில்லை. அந்த மண் நிஜமாகவே சரியட்டும், ஆள்தான் இல்லையே, ஏழு வீடும் போகட்டும், என் கை மட்டும் நன்றாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன்.